எல்கடுவ இறக்கத்தில் இரண்டாம் கியர்

மாத்தளை நகரில் முச்சக்கர வண்டிகளுக்கு பிரேக் லைனர் மாற்றும் கடையை நடத்துபவர் றாபியா. நாற்பத்தொரு வயது. கணவர் மௌத்தான பிறகு கடையை மூடச் சொன்ன உறவினர்களை வாசலோடு திருப்பி அனுப்பியவர். பள்ளியில் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானம் பெயில். அந்தப் பாடப்புத்தகத்தை எழுதியவர்களைத்தான் பெயில் போட்டிருக்க வேண்டும்.

எல்கடுவ இறக்கத்தில் எங்கள் சாரதிகளுக்கு ஒரு வழக்கம். பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற வருடத்தில் பிடித்தது. மேட்டில் என்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, அடிவாரம் வரை பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு வருவார்கள். பிறகு பெற்றோல் தாராளமாக வந்தது, வழக்கம் போகவில்லை. பதினான்கு மாதத்தில் ஒரே வளைவில் மூன்று வண்டிகள் கவிழ்ந்தன. மூன்றாவது, சாரதி நிரஞ்சனுடையது. அதில் வந்த, தேயிலைக் கொழுந்து பறிக்கும் மாரியாயிக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

சாரதிகள் சங்கத் தலைவர் நடராஜா காரணம் கண்டுபிடித்தார். வளைவில் முனி இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை கருவாடு தின்றுவிட்டு நிரஞ்சன் அந்த வழியால் போனானாம். ஆகவே முனிக்கு ஒரு கோயில், நிரஞ்சனுக்கு ஸ்டாண்டிலிருந்து நீக்கம். ஸ்டாண்டில் இடமில்லாத சாரதிக்கு ஓட்டம் கிடையாது, வீட்டில் அடுப்பும் எரியாது. இது தெரிந்தும் மூத்த சாரதி யாகூப் அதற்கு ஆதரவாகக் கை தூக்கினார். அவருடைய ஹேண்டிலில் பள்ளிவாசல் லெப்பை ஓதிக் கொடுத்த நூல் தொங்கியது. மூடத்தனத்தில் மட்டும் இந்த ஊர் சாதி மதம் பார்ப்பதில்லை.

படித்தவர்கள் என்ன செய்தார்கள்? முதல் வண்டி கவிழ்ந்தபோது ஓர் அதிகாரி வந்து சிங்களத்தில் ஒரு மணித்தியாலம் பேசிவிட்டு, தமிழில் அச்சடித்த தாளைக் கொடுத்தார். “இயக்கசக்தியானது உராய்வினூடாக வெப்பசக்தியாக மாற்றமடைகின்றது.” சாரதிகள் அதில் வடை சுற்றினார்கள். எழுதியிருந்தது சரிதான். ஆனால் விளங்காத உண்மையால் எந்த வண்டியும் நிற்காது. விளங்காதபடி பேசிவிட்டுச் சம்பளம் வாங்கும் இந்தக் கூட்டம் இருக்கும்வரை முனிக்கு வேறு பூசாரி தேவையில்லை.

கோயில் கட்டக் கூடிய கூட்டத்துக்குள் றாபியா நுழைந்தார். கையில், நிரஞ்சனின் வண்டியிலிருந்து கழற்றிய பிரேக் டிரம்மும் லைனரும்.

“இது டிரைவர்மார் கூட்டம். பொம்பளைங்களுக்கு இங்க என்ன வேலை?” என்றார் நடராஜா.

“பிரேக் கழட்டத் தெரிஞ்ச ஆம்பளை ஒருத்தர் எழும்புங்க, நான் போறேன்.”

ஒருவரும் எழவில்லை.

“எல்லாரும் ரெண்டு கையையும் சேர்த்துத் தேயுங்க. நல்லா அழுத்தி. நிப்பாட்ட வேணாம்.”

சிரித்துக்கொண்டே தேய்த்தார்கள். அரை நிமிடத்தில் யாகூப் கையை உதறினார். “சுடுதே, தங்கச்சி.”

“அரை நிமிஷத்துக்கே சுடுது, நாநா. உங்க பிரேக் இருபது நிமிஷம் தேயுது, நாலு பேர் பாரத்தோட. சூடேறினா லைனர் இப்படித்தான் கண்ணாடி மாதிரி ஆகும். தொட்டுப் பாருங்க. பிறகு ஏறி நின்னு மிதிச்சாலும் பிடிக்காது. மேல இருந்து தேய்ஞ்சு வந்து, சரியா அந்த வளைவுல கைவிடுது. முனிக்கு அங்க வேலையே இல்ல.”

“அப்ப வண்டியைத் தோள்ல தூக்கிட்டு வரவா?” என்றார் ஒருவர்.

“ரெண்டாம் கியர்ல விடுங்க. அப்ப டயர்தான் என்ஜினை இழுத்துச் சுத்தணும். அந்த இழுவையிலயே வேகம் அடங்கிரும். பிரேக் சூடாகாது, வளைவுல கேட்டா பிடிக்கும்.”

“பொஸ்தகத்துல படிச்சியா?” என்றார் நடராஜா.

“பொஸ்தகத்துல படிச்சிருந்தா எனக்கே விளங்கியிருக்காது.”

மறுநாள் சோதனை. இரண்டு வண்டிகள், ஒவ்வொன்றிலும் மூன்று பேர். நடராஜா தன் வழக்கப்படி நியூட்ரலில் இறங்கினார். யாகூபின் வண்டியை நிரஞ்சன் இரண்டாம் கியரில் இறக்கினான். வளைவுக்கு நூறு மீற்றர் மேலே இருவரையும் நிறுத்தி, பின்சக்கர டிரம்களில் றாபியா தண்ணீர் ஊற்றினார். நடராஜாவின் டிரம்மில் தோசைக்கல் போலச் சீறி ஆவி பறந்தது. மற்றதில் தண்ணீர் வழிந்து தரையில் ஓடியது.

அவ்வளவுதான் பாடம். பத்து ரூபாய்கூடச் செலவில்லை.

அடுத்த காலையிலிருந்து அந்த இறக்கத்தில் ஒருவரும் என்ஜினை நிறுத்துவதில்லை. முனி கோயிலும் எழும்பியது. நிரஞ்சனை மட்டும் ஸ்டாண்டில் சேர்க்கவில்லை. சங்கத் தீர்மானத்தை மாற்ற முடியாதாம். அவனைச் சேர்த்தால், அவன் செய்ததைத்தான் எல்லோரும் தினமும் செய்தோம், தப்பியது அதிர்ஷ்டம் என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். அறிவை வாங்கிக்கொள்வார்கள், வெட்கத்தை வாங்க மாட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து நடராஜா லைனர் மாற்ற வந்தார்.

“நிரஞ்சனுக்கு எடம் குடுத்தாச்சா, அண்ணன்?”

“அது சங்க விசயம். நீ உன் வேலையைப் பாரு.”

“இது என் கடை. அவனைச் சேர்த்துட்டு வாங்க, உங்க வண்டியில கை வைக்கிறேன்.”

“ஊர்ல வேற கடை இல்லன்னு நெனப்பா?”

“இருக்கு. கண்டி ரோட்ல ரெண்டு இருக்கு.”

அவர் போனார். அவரோடு ஸ்டாண்டின் முக்கால்வாசிப் பேரும் போனார்கள். றாபியாவின் கடையில் இப்போது மத்தியானத்துக்கு முன்பே வேலை முடிந்துவிடுகிறது. நிரஞ்சன் ரத்தோட்டையில் மரக்கறி லொறி ஓட்டுகிறான். “மன்னிப்புக் கேட்டா சேர்ப்போம்” என்று போன வாரமும் ஆள் அனுப்பினார்களாம். யாரிடம் கேட்பது என்று அவன் திருப்பிக் கேட்டிருக்கிறான். மாரியாயியிடம் அவன் ஆஸ்பத்திரியிலேயே கேட்டுவிட்டான்.