குழம்பு தயார், மீன் இல்லை

எண்பதுகளில் ஒரு கோடையில் என் மனைவியின் அண்ணனும் நானும் கலிபோர்னியாவின் மில்பிடாஸிலிருந்து காரில் கிளம்பி, கடைசி நான்கு மைல் நடந்து, ஒரு மலை ஏரிக்கு ட்ரௌட் மீன் பிடிக்கப் போனோம். மீன் நிச்சயம் என்று மச்சான் அரிசியும் புளியும் மசாலாவும் மட்டுமே கொண்டுவந்திருந்தார். மாலைவரை ஒரு மீனும் எங்களை மதிக்கவில்லை. குழம்பு மட்டும் கொதித்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் பொழுதுபோக்காக மீனைப் பிடித்துப் பிடித்துத் தண்ணீரிலேயே விட்டுக்கொண்டிருந்தார்.

"பாவி, மறுபடியும் விட்டுட்டான்! போய்க் கேளுங்க மாப்ளே."

"பிளான் பண்ணது நீங்கதானே மச்சான்? நீங்களே கேளுங்க."

"எனக்கு இங்கிலீஷ் பசியில வராது."

எனக்கோ வயிறு நிறைந்த நேரத்திலும் இங்கிலீஷ் பேசக் கூச்சம். பேசாமல் குழம்புச் சட்டியோடு அவர் எதிரே போய் நின்றேன். அவர் மோந்து பார்த்தார். அடுத்த இரண்டு மீன்களும் சட்டிக்கு வந்தன, சாப்பிட அவரும் வந்தார்.

ஊர் திரும்பியதும், மீன் பிடித்தது தான்தான் என்றார் மச்சான்.