போகிப் புகையில் எண்ணூர்க் கடல்

போகியன்று காலை ஐந்தரை மணிக்குத் திருவொற்றியூர் தேரடியில் ஷேர் ஆட்டோ ஏறினேன். காசிமேட்டுக்கு இருபது ரூபாய். தெருவுக்குத் தெரு பழைய பாயும் டயரும் எரிந்துகொண்டிருந்தன. மீன்பிடித் துறைமுகத்தில் இறங்கியபோது பத்தடிக்கு அப்பால் இருந்த படகுகூடத் தெரியவில்லை.

நான் ஈரோட்டுக்காரன், தறிக்கு உதிரி பாகம் விற்பவன். பொங்கலுக்குத் தங்கை வீட்டுக்கு வந்திருந்தேன். பக்கத்து வீட்டுத் தேசிங்கு சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருக்கிறார். “வலையத் தூக்கினு மத்தியானம் வந்துர்லாம், வாண்ணா” என்று முந்தின நாள் கூப்பிட்டிருந்தார். வலை இழுக்க அவருடைய கூட்டாளி கபாலியும் வந்தார்.

“இந்தப் புகையில் வழி எப்படித் தெரியும்?” என்றேன்.

தேசிங்கு சட்டைக்குள்ளிருந்து கையடக்கமான ஜி.பி.எஸ். கருவியை எடுத்தார். ‘செட்டு’ என்கிறார்கள். விலை பதினாறாயிரம். வலை விட்ட இடத்தை அதில் பதிந்து வைத்திருந்தார். ஓர் அம்புக்குறி அந்தப் பக்கம் காட்டியது. பக்கத்தில் தூரம்: பதினைந்து கிலோமீட்டர். எண்ணூரை நோக்கி மெதுவாகக் கிளம்பினோம். கரைக்காற்று புகையைக் கடலுக்கும் கொண்டுவந்திருந்தது.

ஏழரை மணிவாக்கில் தேசிங்கின் கைபேசி அடித்தது. அவர் மனைவியின் தம்பி பாலு. எங்களுக்கு முன்பே ஒரு துணையாளோடு வேறு படகில் போனவர்.

“மாமா, இஞ்சின் பூட்ச்சு. நங்கூரமும் புடிக்கல. கப்பல் ஹார்பருக்குள்ள போற வழியாண்ட இழுத்துகினு போவுது.”

“செட்டுல இன்னா நம்பர் காட்டுது? ஒண்ணொண்ணா சொல்லு.”

“பதிமூணு. பதினஞ்சு. பூஜ்யம், ரெண்டு, நாலு.” அது வடக்கு அட்சரேகை: பாகை, நிமிடம், மிச்சம். கிழக்குத் தீர்க்கரேகைக்கும் அப்படியே சொன்னார். தேசிங்கு அவற்றைத் தம் கருவியில் ஏற்றினார். அம்புக்குறி திரும்பியது. வலை கிடக்கட்டும் என்று அந்தப் பக்கம் போனோம்.

தூரம் குறைந்துகொண்டே வந்து, சேர்ந்துவிட்டோம் என்று கருவி ஒலித்தது. இஞ்சினை நிறுத்தினார். தண்ணீரும் புகையும்தான் இருந்தன. “பாலூ!” என்று மூவரும் கத்தினோம். பதில் இல்லை. எங்கோ ஒரு கப்பலின் சங்கு ஊதியது. எந்தத் திசையென்று சொல்ல முடியவில்லை. நான் உட்கார்ந்திருந்த பலகையை இரு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

தேசிங்கு மறுபடி அழைத்தார். கைபேசியை என்னிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். ஸ்பீக்கரில் பாலு எண்களைப் படித்தார்.

“பதிமூணு. பதினாலு. அஞ்சு, எட்டு, ஒண்ணு.”

ஏற்றிப் பார்த்தவர் முகம் சுருங்கியது. “இன்னாடா இது? பத்து நிமிசத்துல முக்கா கிலோமீட்டரு தெக்க போய்ட்டியா? இவ்ளோ நீரோட்டமே இல்லியே!”

“சத்தியமா இதான் மாமா கீது!”

தேசிங்கு கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தார். பிறகு கேட்டார்: “பதினாலுக்கு அப்பால புள்ளி கீதா, கோடு கீதா?”

“சின்னக் கோடு. எட்டுக்கு அப்புறந்தான் புள்ளி.”

“செட்ட நோண்டினியா?”

“காலைல பேட்டரி மாத்தறப்போ எதையோ அமுக்கிட்டேன் மாமா.”

“அய்யோ, செகண்டுடா அது! நான் புள்ளிக் கணக்குல போட்டுகினு கீறேன்.”

பாலுவின் கருவி ஐம்பத்தெட்டு விநாடி, அதற்குமேல் பத்தில் ஒன்று என்று காட்டியிருக்கிறது. பாகைக் கணக்கிலும் அறுபது விநாடி சேர்ந்தால் ஒரு நிமிடம். தேசிங்கின் கருவியோ நிமிடத்தை ஆயிரமாகப் பங்கிடுவது. ஐந்நூற்று எண்பத்தொன்று என்றால் பாதிக்குச் சற்று மேல்தான். தனித்தனி எண்ணாகச் சொன்னதில் இரண்டும் ஒன்றுபோல் கேட்டுவிட்டன. தேசிங்கு தம் கருவியையும் விநாடிக் கணக்குக்கு மாற்றினார். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அழுத்தினார். எண்களைப் புதிதாக ஏற்றியதும் அம்புக்குறி கிழக்கே திரும்பியது.

இந்த முறை கருவி ஒலிக்கும் முன்பே கபாலி கையை உயர்த்தினார். “இன்னாமோ தட்றாங்க.”

டின்னைத் தட்டும் சத்தம். அதை நோக்கிப் போனோம். புகைக்குள்ளிருந்து பாலுவின் படகு வெளிப்பட்டது. கபாலி கயிற்றை வீசினார். கட்டி இழுத்துக்கொண்டு கரைப்பக்கம் திரும்பிய சற்று நேரத்தில், பின்னால் சங்கு மிகக் கிட்டத்தில் ஊதியது. கறுத்த சுவர்போல ஒரு கப்பல் கடந்தது. அதன் அலையில் இரண்டு படகுகளும் ஏறி இறங்கின.

கொஞ்ச தூரம் போனபின் பாலு கத்தினார்: “மாமா, அக்காகிட்ட சொல்லாத!”

“சொல்லாம? மொதல்ல அவகிட்டதான் சொல்லுவேன்!” என்றார் தேசிங்கு. சிரிக்கப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் கண்ணைத் துடைத்தார். புகை காரணமாகவும் இருக்கலாம்.

பொங்கல் முடிந்து ஊருக்கு ரயில் ஏறினேன். எங்கள் ஊரில் வழி தப்பினால் டீக்கடையில் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது மனைவி அழைத்தாள்.

“எங்கீங்க இருக்கீங்க?”

“வந்துட்டே இருக்கேன்” என்பதுதான் என் வழக்கமான பதில். அன்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்.

“பேசின் பிரிட்ஜில் வண்டி நிக்குது. சிக்னல் இன்னும் விழலை. எஸ் நாலு, ஜன்னல் சீட்டு” என்றேன்.

“எதுக்கு இத்தனை விவரம்?” என்று சிரித்தாள்.