மோட்டார் ஓடாத நாளின் சூடு

நேற்று புது இஸ்திரிப் பெட்டியை முதன்முறையாகப் பிளக்கில் மாட்டியதும் ஒரு வாசனை எழுந்தது. புதுக் கம்பி சூடேறி, தன்மேல் படிந்த எண்ணெயைத் தானே கருக்கும் வாசனை. அது என்னை நேரே விருத்தாசலத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. சேலை கசங்கியபடியே கிடந்தது.

எழுபதுகளின் தொடக்கம். டிப்ளமா முடித்த கையோடு ஒரு பீங்கான் தொழிற்கூடத்தின் சோதனை அறையில் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தக் கர்வம் நடையிலேயே தெரியுமாம். கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸில் வந்து இறங்கி உள்ளே நுழைந்தால், "டீச்சரம்மா வந்துட்டாங்க" என்பார்கள் ஆண்கள். படித்த பெண் என்றால் டீச்சர்தானே, வேறென்ன?

ஐப்பசி பிறந்தால் அங்கே பெரிய தொல்லை. அச்சில் எடுத்த ஃப்யூஸ் கட்டைகள் மழை ஈரத்தில் காயவே காயாது. அரைகுறையாகக் காய்ந்து சூளைக்குப் போனவை வெடித்தன. கம்பிச் சூட்டில் காயவைக்க ஒரு பெட்டி செய்கிறேன் என்று மேனேஜரிடம் சொன்னேன்.

"செய்யும்மா. சரியா வரலன்னா பேக்கிங் ஷெட்டுக்குப் போயிடணும், இன்னா?"

பேக்கிங் ஷெட்டில் பெண்கள் வைக்கோல் சுற்றிச் சாமான் கட்டுவார்கள். சோதனை அறையில் ஒரு பெண்ணை வைத்திருக்க அவருக்கு அதுவரை காரணம் எதுவும் அகப்படவில்லை.

பலகைப் பெட்டி, அடியில் பள்ளம் போட்ட பீங்கான் தட்டுகள். சூடேற்றும் நிக்ரோம் கம்பியைப் பென்சிலில் சுற்றிச் சுருளாக்கிப் பள்ளத்தில் பதித்தேன். கம்பி நீளமானால் சூடு குறையும், குட்டையானால் ஏறும். எங்கே வெட்டுவது என்பதுதான் மொத்த வித்தையும். புத்தகத்தில் இருநூற்று முப்பது வோல்ட் என்றிருந்தது. நான்தான் புத்திசாலியாயிற்றே, மீட்டர் வைத்து அளந்தேன். நூற்றெண்பதுதான் வந்தது. அதற்கேற்பக் குட்டையாக வெட்டினேன். பெட்டி இதமாகச் சூடேறியது.

அடைமழை பிடித்த முதல் நாளே கம்பி மஞ்சளாகப் பழுத்துப் பட்டென்று அறுந்தது. உள்ளே இருந்த கட்டைகள் அத்தனையிலும் விரிசல். போர்மேன் கலியபெருமாள் எட்டிப் பார்த்தார்.

"ஏன் டீச்சரம்மா, காய வெக்கச் சொன்னா வறுத்து வெச்சிருக்கீங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. "திங்கக்கெழம வரைக்கும் பாக்கறேன்" என்றார்.

வீட்டில் யாரிடம் சொல்ல? அம்மாவுக்குக் கரண்டு என்றாலே பயம். அன்று சாயங்காலம் பயந்தபடியே சுவிட்சைப் போட்டவள், "பல்பு எரியறத பாரு, கல்யாண வூடு மாதிரி இருக்குது" என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். மழையில் யார் மோட்டார் போடுவார்கள்? நான் அளந்த வாரம் நல்ல வெயில். வட்டாரத்துப் பம்புசெட்டெல்லாம் தண்ணீர் இறைத்து வோல்ட்டைக் குடித்துக்கொண்டிருந்தன; மழையில் அவை நின்றதும் வோல்ட் முழுதாக ஏற, என் குட்டைக் கம்பி தாங்கவில்லை. அந்தப் பம்புசெட்டுகளில் எங்கள் அப்பாவுடையதும் ஒன்று. வாய்விட்டுச் சிரித்தேன். "இன்னாடி?" என்றாள் அம்மா. "ஒண்ணுமில்ல" என்றேன்.

திங்களன்று புதுச் சுருளோடு இன்னொரு சிறு சுருளையும் சேர்த்தேன். மழை நாளில் மின்சாரம் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டிலும் ஓடும், கம்பி நீண்டதுபோல் சூடு குறையும். மோட்டார்கள் ஓடும் நாளில் சுவிட்சைத் தட்டினால் சிறியது விலகிக்கொள்ளும். கட்டைகள் விரிசலின்றிக் காய்ந்தன. மேனேஜர் ஒன்றை எடுத்துச் சுண்டிப் பார்த்துவிட்டு, "சரி, இங்கயே இரும்மா" என்றார்.

மறுநாள் முதல் பெட்டியின் மேல் தூக்குச்சட்டிகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. "சோறு சுடச்சுட இருக்குது டீச்சரம்மா!" என்று கலியபெருமாள் தன் சட்டியோடு வேப்பமரத்தடிக்குப் போனார். ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும் இடம் அது. அங்கே நான் போக முடியாது. என் சட்டியைத் தூக்கிக்கொண்டு பேக்கிங் ஷெட்டுக்குப் போனேன். ஒருத்தி எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"நீங்க ரூமுலயே சாப்டுங்கக்கா. இங்க ஒரே தூசி."

மரியாதையாகத்தான் சொன்னாள். திரும்பி வந்து, ஆவி பறக்கும் சோற்றைத் தனியாகச் சாப்பிட்டேன். அங்கே இருந்த காலம் முழுதும் அப்படியே.

சென்ற ஆண்டு அந்த வழியாகப் போனேன். தொழிற்கூடம் மூடிக் கிடந்தது. என் அறை மட்டும் கதவில்லாமல் நின்றது. வேம்பை வெட்டிவிட்டார்கள். ஷெட் இருந்த இடத்தில் கோரைப்புல். நான் போய் உட்கார ஆசைப்பட்ட இடம் இரண்டே இரண்டுதான்; இரண்டும் இல்லை.