உச்சி வெயிலில் ஒரு வீடு

கல்யாணப் படம் எடுப்பவனுக்கு மலையேற வாய்க்கும் நேரம் உச்சி வெயில்தான். காலையில் திண்டிவனத்தில் முகூர்த்தம், மாலையில் விழுப்புரத்தில் வேறொரு வரவேற்பு. நடுவில் கிடைத்த நேரத்தில் செஞ்சிப் பக்கத்துப் பாறை மலை ஒன்றில் ஏறினேன். பந்தியில் பாயசத்தை இரண்டாம் முறை வாங்காமல் இருந்திருக்கலாம்.

ஏறியது என் மனைவிக்காக. அந்த மலையடிவார ஊரில்தான் அவள் பிறந்தாள். தினமும் அண்ணாந்து பார்த்த மலையிலிருந்து தன் வீடு எப்படித் தெரியும் என்று ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. இப்போது முட்டி ஒத்துழைப்பதில்லை. கல்யாணங்களில் எனக்கு லைட் பிடிப்பவளும் அவள்தான். அவளையும் லைட் பையையும் தாய்வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "ஒரே படம், ஃபிரேம் போட்டுத் தர்றேன் பாரு" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

உச்சியில் பாறை தோசைக்கல்லாகச் சுட்டது. கேமரா திரையில் எல்லாம் இருட்டாகத் தெரியவே, வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டி நாற்பது படம் தள்ளினேன். சந்தேகம் வந்து துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு பார்த்தால், வானம், ஏரி, வயல் எல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடந்தன. வெயிலில் திரையை நம்பக் கூடாதென்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவன் நான். மண்டபத்துக்குள்ளேயே காலம் தள்ளினால் இப்படித்தான்.

வெளிச்சத்தைக் குறைத்தேன். ஆனால் வெக்கையில் ஊரே மங்கித் தெரிந்தது. அவளுக்குப் போன் போட்டேன்.

"எல்லா வூடும் ஒரே மாதிரி கீதும்மா. உங்க வூடு எது?"

"இன்னாங்க நீங்க, மாமியார் வூடு தெரியலன்னு சொல்றீங்க! இருங்க, வாசல்ல நின்னுக்கினு ரிஃப்ளெக்டரை காட்டறேன்."

லைட் பையிலிருந்த அந்த வெள்ளித் தகடு வெயிலைத் திருப்பியடிக்க, ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் பளீரென்று ஒரு பொட்டு வெளிச்சம். எனக்கு ஒரே சந்தோஷம். கொஞ்சம் இடப்பக்கம் சாய்க்கச் சொன்னேன். பழக்கதோஷத்தில் சிரிக்கவும் சொல்லிவிட்டேன். நான் திட்டித் தீர்த்த அந்த வெயில் மட்டும் இல்லையென்றால் அந்தப் பொட்டு கிடைத்திருக்காது.

கீழே வந்து கேமராவை அவள் கையில் கொடுத்தேன். படத்தைப் பெரிதாக்கி, வெளிச்சப் பொட்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கூரையைக் கண்டுபிடித்தாள். அதன்மேல் விரலை வைத்து அளந்து பார்த்தாள்.

"இத்துனூண்டு வூட்லயாங்க நாங்க ஏழு பேரு இருந்தோம்?" என்றாள். கண் கலங்கியிருந்தது. "இடம் பத்தலன்னு ஒருநாளும் தோணலியே."