வியாழக்கிழமைச் சட்டைகள்

மும்பை மாட்டுங்காவில் மூன்று மாடிப் பழைய கட்டடம் ஒன்றின் படிக்கட்டுக்குக் கீழே என் இஸ்திரி மேஜை இருக்கிறது. வீடு தாராவியில். காலை எட்டு மணிக்கு நடந்து வந்து பெட்டியில் கரியைப் பற்றவைத்தால் மாலை ஏழு வரை அங்கேதான். நான் நேர்மையானவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டைப்பையில் கிடந்த மோதிரம், ரயில் பாஸ், ஒரு முறை பெண்டாட்டி பார்க்கக் கூடாத ஒரு கடிதம், எதுவாக இருந்தாலும் உரியவர் கையில்தான் கொடுப்பேன். தொழிலில் நாணயம் என்றால் அடுத்தவர் பையில் கை வைக்காமல் இருப்பது என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டடத்தில் சிலர் வீட்டுச் சாவியையே என் மேஜையில் வைத்துவிட்டு ஊருக்குப் போவார்கள். அன்றைக்கெல்லாம் எனக்குத் தலைகால் புரியாது.

இஸ்திரி போடுகிறவனுக்கு ஒரு வீட்டைப் பற்றித் துணியே எல்லாம் சொல்லிவிடும். யார் இளைத்தார், யார் வேலை மாறினார், யார் வீட்டில் சண்டை நடந்து பட்டன் தெறித்தது, எல்லாம் தெரியும். தெரிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. அப்படிப் பழகிய எனக்கே மூன்றாவது மாடி மாமியின் பை சங்கடமாக இருந்தது.

அந்த வீட்டில் மாமியும் அவர் கணவரும் மட்டும்தான். கணவர் ஏதோ ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வியாழக்கிழமைதோறும் ஐந்து சட்டைகளைத் தானே கீழே கொண்டுவருவார். "காலர்ல கஞ்சி வேண்டாம்ப்பா" என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. ஒரு கோடையில் நான் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டு இரண்டு மாதம் கழித்து வந்தேன். அதன் பிறகு அவர் கீழே வரவில்லை. வியாழக்கிழமை காலையில் மாமி பையைக் கதவுப் பிடியில் மாட்டிவைப்பார், நான் போய் எடுத்து வருவேன். புதிதாக ஒரு சட்டமும் போட்டிருந்தார்.

"பெட்டி போட்ட கையோட நேரா மேல வந்துடணும். மத்த வீட்டுத் துணியோட சேர்த்துக் கொண்டு வராதே."

என்ன அவசரமோ, நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அந்தச் சட்டைகளில் ஏதோ சரியில்லை. நான் சட்டையை மடிக்கும்போது இடது கையை முதலில் மடித்து வலது கையை அதன்மேல் போடுவேன், என் பழக்கம் அது. பையைத் திறந்தால் ஐந்து சட்டைகளும் அதே மடிப்பில் இருக்கும். முழங்கையில் சுருக்கம் இருக்காது, காலரில் அழுக்கு இருக்காது. வேர்வை வாடையும் இல்லை, சோப்பு வாடையும் இல்லை. யாரும் உடுத்தாத, துவைக்காத சட்டைகளுக்கு வாராவாரம் இஸ்திரி. போட்டு மேலே கொண்டுபோனால் கதவு ஒரு சாண் திறக்கும். இரண்டு கைகள் மட்டும் வெளியே வந்து சட்டைகளை வாங்கும், கூலியைக் கொடுக்கும், கதவு சட்டென்று சாத்திக்கொள்ளும். வாசலில் கணவரின் செருப்பு போன வாரம் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

அவர் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். கேட்க வாய் வரவில்லை. மறு வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள் வாட்ச்மேன் என் மேஜைப் பக்கம் ஒதுங்கினான். "யே கிஸ்கா ஹை?" என்று மேஜையில் கிடந்த சட்டைகளைக் காட்டினான். மூன்றாவது மாடி சாபுடையது என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"வோ சாப் தோ கப் கா ஆஃப் ஹோ கயா."

அவர் எப்போதோ 'ஆஃப்' ஆகிவிட்டாராம், செத்துப்போனால் இந்த ஊரில் இப்படித்தான் சொல்வார்கள். நான் ஊருக்குப் போயிருந்த அந்த இரண்டு மாதத்தில் நடந்திருக்கிறது. எனக்குத் தெரியும் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள், நானும் யாரிடமும் கேட்டதில்லை. ஒரு வருடத்துக்கு மேல் செத்துப்போனவர் சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கிறேன். அப்போது என் கைக்குக் கீழே இருந்தது அவருடைய நீலக்கோடு போட்ட சட்டை. பெட்டியை வைத்ததும் அதன் மார்புப் பக்கம் லேசாக உப்பி எழுந்து அடங்கியது. உள்ளே காற்று புகுந்தால் எந்தச் சட்டையும் அப்படித்தான் செய்யும். நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஆனாலும் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். என் மனைவிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "செத்துப்போனவரு துணிய தொட்டுட்டு வந்து அந்தக் கையால புள்ளைக்குச் சோறு ஊட்டுதியளாக்கும்? அடுத்த வாரமே வேண்டாம்னு சொல்லிருங்க."

நான் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? ஆனால் அந்தப் பையைத் திறக்கும்போதெல்லாம் மேலே யாரோ படியிறங்கி வருவது போல இருக்கும். நிமிர்ந்து பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள்.

கணபதி பண்டிகைக்கு முந்தின வாரம் வந்தது. கட்டடம் முழுக்கப் பட்டுப்புடவையும் குர்தாவும் வந்து குவிந்தன. கரி மழையில் நமுத்துப்போய்ப் பெட்டி சூடேறவே மாட்டேன் என்றது. வியாழக்கிழமை நான்கு மணிக்கு மாமியின் பை மட்டும் பாக்கி. திறந்து பார்த்தேன். போன வாரம் நான் போட்ட மடிப்பு அப்படியே இருந்தது. போட்ட இஸ்திரியையே மறுபடி போட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது? பாதி சோம்பல், பாதி பயம். ஐந்தையும் அப்படியே எடுத்துக்கொண்டு மேலே போனேன். கைகள் வெளியே வந்து வாங்கின. அன்றைக்குக் கதவு உடனே சாத்திக்கொள்ளவில்லை. அந்தக் கைகள் சட்டைகளைப் பிடித்தபடி ஒரு நிமிடம் அசையாமல் இருந்தன. அப்புறம் கூலியைக் கொடுத்தன. நானும் வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

அடுத்த வியாழன் கதவுப் பிடியில் பை இல்லை. அதற்கடுத்த வியாழனும் இல்லை. தொல்லை விட்டது என்று இருந்திருக்கலாம். முடியவில்லை. மாமி நாலு வீட்டில் சொல்லிவிட்டால் என் பெயர் என்னாவது என்ற பயம் ஒரு பக்கம். எனக்கே என் மேல் வந்த எரிச்சல் இன்னொரு பக்கம். மத்தியானம் மேலே போய் மணியை அடித்தேன்.

கதவு முழுதாகத் திறந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு மாமியின் முகத்தைப் பார்த்தேன். பாதியாகிவிட்டிருந்தார்.

"பை வைக்கலியே மாமி?"

"நீ போன தடவை வெறும் சட்டையை மட்டும் கொண்டு வந்தே" என்றார்.

நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். மாமி அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"எனக்குப் பைத்தியம்லாம் இல்லைப்பா. அவர் போயாச்சுன்னு தெரியும். நீ கொண்டு வர சட்டை பெட்டிச் சூட்டோட இருக்கும். மடியில வெச்சுண்டா கால் மணி நேரம் அந்தச் சூடு நிக்கும். இப்பத்தான் அவர் கழட்டி வெச்சா மாதிரி. அதுக்குள்ள ஒரு காபி குடிச்சுடுவேன். அவ்வளவுதான் எனக்கு."

பிறகு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு ஒண்ணுமே தெரியலை. ஜில்லுனு இருந்தது. சட்டை சூடாத்தான் இருந்துதா, எனக்குத்தான் இனிமே தெரியாதா? அந்த பயத்துலதான் பையை வைக்கலை. மறுபடியும் தெரியலைன்னா நான் என்ன பண்ணுவேன்? ஏம்ப்பா, மழையில ஆறிப்போயிருக்குமோ?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மாமியே எடுத்துக் கொடுத்த பொய். என் பெயரும் தப்பியிருக்கும். ஆனால் கட்டடத்துக்குள்ளேயே படியேறி வருகிறவன் மேல் ஏது மழை என்று என்றைக்காவது ஒரு நாள் யோசிப்பார். அன்றைக்குச் சந்தேகப்படுவது என்னை அல்ல, தன் கையைத்தான். பையில் கை வைக்காமலேயே ஒருவரிடமிருந்து எவ்வளவு பிடுங்கிக்கொள்ள முடியும் என்று அந்த வாசலில்தான் எனக்கு உறைத்தது.

"இஸ்திரி போடவே இல்ல மாமி. மடிப்பு கலையாம இருந்துச்சு, அப்படியே கொண்டாந்துட்டேன். கூலியும் வாங்கிட்டேன். உங்க கையில ஒரு கோளாறும் இல்ல. கோளாறு எங்கிட்ட."

வசவுக்குத் தயாராக நின்றேன். மாமி கண்ணை மூடிக்கொண்டு "அப்பாடா" என்றார். கண்ணைத் திறந்ததும் "கடங்காரா" என்றார். உள்ளே போய்ப் பையை எடுத்துவந்து என் கையில் திணித்தார்.

மற்ற வீட்டுத் துணிகளை ஒதுக்கிவிட்டுப் பெட்டியை விசிறினேன். ஐந்தையும் நிதானமாகப் போட்டேன், காலரில் கஞ்சி இல்லாமல். சூடு போய்விடக் கூடாதே என்று நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினேன். நீலக்கோட்டுச் சட்டையின் சூடு என் சட்டையைத் தாண்டி உடம்பில் இறங்கியது. இரண்டாவது மாடி தாண்டியதும் எதையோ தூக்கிக்கொண்டு போகிறேனா, யாரையோ கூட்டிக்கொண்டு போகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பயந்தேன், ஆனால் நிற்கவில்லை. கதவு ஒரு சாண் திறந்தது. கைகள் வாங்கிக்கொண்டன. கூலி வேண்டாம் என்று சொல்வதற்குள் கதவு சாத்தியாயிற்று.

இரண்டு படி இறங்கியிருப்பேன். கதவுக்கு அந்தப் பக்கம் மாமியின் குரல் கேட்டது. என்னிடம் பேசியபோது இருந்த தளர்ச்சி அதில் இல்லை. சின்ன வயசுக்காரியின் கோபம் இருந்தது.

"மூணு வாரமா எங்க போயிட்டேள்?"

படியில் அப்படியே நின்றுவிட்டேன். கேட்டது அவரை, ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.