சாமியை முந்தாத கார்

வாங்கிப் பதினோரு மாதம்கூட ஆகாத கார், ஓரிக்கை தாண்டிப் பாலாற்றுப் பாலத்தின் மேல் நின்றுவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்தியது, சக்கரம் அசையவில்லை. ஓட்டிக்கொண்டு போனவள் என் மனைவி.

அந்தக் காரே அவளுக்காக வாங்கியதுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் டீச்சர். இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனபிறகு கிளட்ச் மிதிக்க முடியாது, பஸ் படி ஏறுவதும் கஷ்டம். வேலையை விட்டுவிடச் சொன்னேன். "இன்னும் நாலு வருஷம் இருக்குது, உட மாட்டேன்" என்றாள். அதனால்தான் தானாகக் கியர் மாறும் வண்டி.

சர்வீஸ் சென்டருக்கு மூன்று தடவை அலைந்தோம். ஒவ்வொரு தடவையும் அதே நாற்காலி, அதே ஆறிப்போன டீ. எனக்கு அலுத்துவிட்டது. மூன்றாவது தடவை அங்கிருந்த மெக்கானிக் கேட்டார். "இந்த வண்டில பெடல்தான் இல்ல, உள்ள கிளட்ச் இருக்குது சார், அது எரிஞ்சிருக்குது. ரொம்ப நேரம் ஊர்ந்துக்கினே ஓட்டுவீங்களா? அப்படி ஓட்டியிருந்தா வாரண்டில வராது."

"எங்க வூட்ல யாரும் அப்படி ஓட்ட மாட்டோம்பா" என்றாள் அவள், அடித்துச் சொல்வதுபோல.

அப்படி ஓட்டியவன் நான்தான். சின்னக் காஞ்சிபுரத்தில் பிறந்தவன் நான். புறப்பாடு போகும்போது சாமியை முந்திக்கொண்டு போகமாட்டோம். காய்கறி வாங்கப் போனவன், புதுக் காரில் ஏசி போட்டுக்கொண்டு, பல்லக்கின் பின்னால் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் அங்குலம் அங்குலமாக நகர்ந்திருக்கிறேன். புண்ணியம் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு ஓரமாக நிற்கத் தோன்றவில்லை, மடையனுக்கு.

"என்னிக்கு எவ்ளோ நேரம் ஊர்ந்துதுன்னு வண்டியே எழுதி வெச்சிருக்குதும்மா" என்று அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அவள் தேதிகளைப் படித்தாள். எல்லாம் உற்சவ நாட்கள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

புது கிளட்ச் வர இரண்டு மாதமாகும் என்றார்கள். மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸில் போகிறாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டாப் வரை போவேன். படியில் நல்ல காலை முதலில் வைத்து, கம்பியைப் பிடித்து, மற்றக் காலை இழுத்துக்கொள்வாள். கண்டக்டர் விசில் ஊதாமல் காத்திருப்பார்.

போன வாரம் காலையில் சந்நிதித் தெருவில் பல்லக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. பழக்கதோஷம், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டேன்.

அவள் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க பின்னாடியே வாங்க" என்றாள். பல்லக்கைத் தாண்டி, நொண்டிக்கொண்டே, முன்னால் போய்விட்டாள்.