லோர்னாவின் இடது ஓரம்

கனடாவின் தண்டர் பே நகர டாக்சி அலுவலகத்தில் லோர்னா ஹக்காலா தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, "ஏழாம் நம்பர், ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு அம்மா பனியில நிக்கிறாங்க, சீக்கிரம் போ" என்று மைக்கில் விரட்டுகிறாள். கண் மட்டும் கணினித் திரையின் இடது ஓரத்தில் இருக்கிறது.

அந்த ஓரத்தில் முகங்கள் வரிசையாக நிற்கும். அவளுடைய பிரவுசர் அப்படி. வானிலை பார்த்தாலும் செய்தி படித்தாலும் உறவினரும் தெரிந்தவர்களும் கூடவே வருவார்கள். கணினியில் இருப்பவருக்குப் பச்சைப் புள்ளி, மூடிவிட்டுப் போனவருக்குச் சாம்பல். "மார்க்கோ, உன் மச்சினி இன்னிக்கும் வேலைக்கு மட்டம்தான் போல" என்று டிரைவரான என்னைச் சீண்டுவாள். ஆனால் யாருக்கும் ஒரு வரி எழுதமாட்டாள். தினமும் திரையைத் துடைப்பாள், அதுவும் அந்த ஓரத்தை மட்டும். மீதித் திரையில் எங்கள் காபித் துளிகள் காய்ந்து கிடக்கும்.

மேலிருந்து இரண்டாவது முகம் அவள் மகன் டேரன். மனைவி பிரிந்தபின் எட்மன்டனில் தனியாக இருக்கிறான். போன குளிர்காலத்தில் மாத்திரைகளை விழுங்கிச் சாகப் பார்த்துப் பிழைத்தவன். "நான் உயிரோட இருக்கேனான்னு தினம் போன் பண்ணிப் பாக்காதம்மா" என்று அவன் கத்தியதிலிருந்து இவள் கூப்பிடுவதில்லை. அவன் வேலைக்குக் கிளம்பும்போது சாம்பல், மாலையில் பச்சை. அதைப் பார்ப்பதோடு சரி.

இந்தத் திங்கட்கிழமை காலை, நான் வாங்கி வந்த, இளஞ்சிவப்புப் பாகு பூசிய பெர்ஷியன் பன்னை அவள் தொடவே இல்லை. எட்டிப் பார்த்தேன்.

"பச்சையாத்தானே இருக்கு? பையன் ஜம்முனு இருக்கான். அப்புறம் என்ன?"

"அதான்டா பயமா இருக்கு. வெள்ளிக்கிழமையிலேர்ந்து பச்சை. ஒரு தடவைகூட அணையல. உயிரோட இருக்கறவன் தூங்கமாட்டானா? மூடிட்டு வெளியே போகமாட்டானா?"

"மூட மறந்திருப்பான்."

"அவனா? கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி கடிகாரத்தையே பிடுங்கி வைக்கறவன்!"

"கூப்பிட்டியா?"

"நேத்து முழுக்கக் கூப்பிட்டேன். எடுக்கல."

"அப்ப அந்த ஊர் போலீசுக்குச் சொல்லு, லோர்னா. கதவைத் தட்டிப் பாக்கட்டும்."

"ஒண்ணுமில்லேன்னா ஜென்மத்துக்கும் எங்கூடப் பேசமாட்டான்" என்றாள். ஆனாலும் எண்களை அழுத்தினாள். நாள் முழுக்க ஊராருக்கு முகவரி சொல்லும் குரல், மகனின் முகவரியைச் சொல்லும்போது தடுமாறியது. வீட்டு எண்ணைச் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள்.

புள்ளி சாம்பலாகியிருந்தது. எட்மன்டனில் வேலைக்குக் கிளம்பும் நேரம்; அவன்தான் மூடியிருக்கவேண்டும்.

தொலைபேசியில் யாரோ "ஹலோ, ஹலோ" என்றார்கள். "மன்னிச்சுக்குங்க, வேண்டாம். பையன் எழுந்துட்டான்" என்று வைத்தாள். பன்னைப் பிரித்து ஒரே கடியில் பாதியை விழுங்கினாள். பிறகு இளஞ்சிவப்புப் பாகு ஒட்டிய விரலால் திரையில் மகனின் முகத்தைத் தொட்டாள். கறை பட்டது. அவள் துடைக்கவில்லை.